கூட்டிப் பெருக்கிய கடற்கரை

அந்த ஊரில் இப்போது தூண்டில் வளைவு இருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல்லாகக் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்து விட்டிருக்கிறார்கள். அலை அதில் மோதி, வேகம் செத்துத்தான் கரைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் திருநெல்வேலியிலிருந்து வண்டி பிடித்துப் போகிறவர்கள் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும், நல்ல இடம்தான். ஆனால் அந்தக் கல் வந்து சேர்வதற்குள் என் தோழி ஒருத்தி பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

நான் திருநெல்வேலி டவுண்காரி. ரத வீதிக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு கோப்பு எந்த மேசையில் போய்த் தூங்கும், யார் தட்டினால் எழும்பும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாயும் கொஞ்சம் நீளம். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்றும் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் சொன்ன தோழி அங்கே தட்டச்சராக இருந்தாள். கடற்கரை ஊர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். மகா சுத்தக்காரி. காலையில் ஆள் வந்து கூட்டிவிட்டுப் போன அறையை இவள் இன்னொரு தரம் கூட்டினால்தான் நாற்காலியில் உட்காருவாள். "ஏளா, அரசாங்கம் ஒனக்கு டைப் அடிக்கதுக்குச் சம்பளம் தருதா, கூட்டுததுக்குத் தருதா?" என்று கேட்பேன். "ரெண்டுக்கும் சேத்துத்தான்க்கா" என்று சிரிப்பாள்.

அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை எல்லாம் போட்டுச் சொந்த ஊரில் வீடு கட்டினாள். இரண்டு அறை, பின்னால் அடுக்களை. அதை அவள் குசினி என்பாள், கடற்கரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மீன் சட்டியைத் தொடாத எனக்காகத் தனியாக ஒரு சாம்பார்ச் சட்டி வாங்கிக் குசினி அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தாள். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

கட்டும்போது அந்த வீடு கடலிலிருந்து மூன்றாவது வரிசை. ஒவ்வோர் ஆடிக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று, முன்னால் இருந்த இரண்டு வரிசையும் போயின. குசினி ஜன்னலைத் திறந்தால் நேரே கடல் என்று ஆன பிறகுதான் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை கருப்பட்டி, முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எனக்கு அந்த வீட்ட விட்டா வேற நாதி இல்ல. ஒரு மனு எழுதித் தாங்க."

வெறும் மனு எடுபடாது என்று எனக்குத் தெரியும். கடற்கரையைப் பாதுகாக்க, மேம்படுத்த என்று அரசாங்கத்தில் நிதி இருக்கத்தான் செய்கிறது. அதைக் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். ஊராட்சித் தீர்மானம், ஊர்க் கமிட்டியின் கடிதம், வரைபடம், இடிந்த சுவர்களின் படங்கள் எல்லாம் சேர்த்து முறையாக விண்ணப்பம் எழுதினேன். அதில் என் பிரம்மாஸ்திரம் ஓர் அடிபம்பு. ஒரு காலத்தில் இரண்டாவது தெருவின் நடுவில் இருந்தது. இப்போது தெருவும் இல்லை, வீடும் இல்லை; பம்பு மட்டும் அலை வந்து போகிற இடத்தில் ஒற்றையாக நின்றது. அதைப் பார்த்த பிறகும் எந்த அதிகாரியாவது இங்கே கடல் ஊருக்குள் வரவில்லை என்று எழுதிவிடுவானா? பார்க்கலாம் என்று இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். நான் விடாமல் பின்னாலேயே போய் நின்றதில், மாசியில் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நானே போன் பண்ணி ஊர்க் கமிட்டித் தலைவரிடம் தேதியைச் சொன்னேன். "நாங்க பாத்துக்கிடுதோம்க்கா, ஒண்ணும் கவலப்படாதிய" என்றார்.

அன்று காலை திசையன்விளை வழியாகப் பஸ் மாறி இறங்கினவள், இடம் தவறி வந்துவிட்டேனோ என்று திகைத்துப் போனேன். கடற்கரை முழுக்க விளக்குமாற்றின் வரி. கூட்டியிருக்கிறார்கள்! இடிந்து கிடந்த சுவர், தொங்கிக்கொண்டிருந்த படிக்கட்டு, உடைந்த சிமென்ட் ரோடு எதையும் காணோம். டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு மேற்கே கொட்டியிருக்கிறார்கள். பந்தல், தோரணம், நாற்காலி, இளநீர். மாசி மாதத்துக் கடலும் தன் பங்குக்குப் பூனைக்குட்டி மாதிரி படுத்துக் கிடந்தது. கையில் விளக்குமாற்றோடு என் தோழி பெருமையாக நின்றாள்.

அதிகாரி இளைஞர், நல்ல மனுஷர். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல சொல்லியிருக்கிற அடிபம்பு எங்கே?" என்று கேட்டார்.

"அத முந்தாநாத்துதான் புடுங்குனோம் ஐயா. நீங்க நடந்து வரும்போது கால்ல இடிச்சிரக் கூடாதுல்லா" என்றார் தலைவர்.

அட பாவி மக்கா! அதிகாரியும் கூட வந்தவர்களும் சீலா மீன் வறுவலோடு சாப்பிட்டுவிட்டுப் போகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜீப் தெரு முனை திரும்பியதும் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? இடிஞ்சதக் காட்டத்தானே அவங்கள வரச் சொன்னோம்?"

அவர் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அது எப்படிக்கா? வீட்டுக்கு ஆள் வாராவன்னா கூட்டாமலா போட்டிருப்பம்?"

என் வீட்டுக்கு ஆள் வந்தாலும் நானும் கூட்டத்தான் செய்வேன்.

அறிக்கையில் அந்த அதிகாரி கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருந்தார். கடற்கரை அகலமாகவும் தூய்மையாகவும் இருக்கிறது, பாதுகாப்புப் பணிக்கு உடனடித் தேவை எழவில்லை, சுற்றுலா மேம்பாட்டுக்கு உகந்த இடமாதலால் சிமென்ட் பெஞ்சுகள் போடலாம். என் தோழிக்குப் படித்துக் காட்டினேன்.

"பெஞ்சுல ஒக்காந்து எங்க வீடு போறதப் பாக்கதுக்காக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுபடி எழுதினேன். மறுபடி ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது. ஒரு மத்தியானம் போன்.

"அக்கா, குசினி போயிட்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒங்க சட்டியும் போயிட்டுக்கா" என்றாள்.

அடுத்து நான் சொன்னது ஆறுதல் இல்லை. கோப்புப் பார்த்தே பழகின புத்தி அப்படி. "ஏளா, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. ஒண்ணையும் தொடாத. ஒரு செங்கலக் கூட எடுக்காத. அவங்க வந்து பாக்குற வரைக்கும் அது அப்படியே கெடக்கட்டும்."

"கூட்டக் கூடாதாக்கா?"

"கூட்டவே கூடாது."

நான் சொன்னபடியே அவள் கேட்டாள். ஆவணியில் போனபோதும் புரட்டாசியில் போனபோதும் எல்லாம் விழுந்த இடத்திலேயே கிடந்தன. கடல் பக்கத்துச் சுவர் இல்லை, பாதித் தரை இல்லை. ஆட்டுரல் மண்ணில் புதைந்து, கேஸ் அடுப்பு துருப்பிடித்துத் தலைகுப்புறக் கிடந்தது. முன்னறையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துப் பொங்கிக்கொண்டு, குசினிக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "அங்கன பாத்தா கை துறுதுறுங்குக்கா. தெருவுல போறவளுவ எல்லாம், இவளுக்கு என்ன வந்துட்டு, இப்படிப் போட்டு வச்சிருக்கான்னு கேக்காளுவ" என்றாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஐப்பசியில் வந்தார்கள். இந்த முறை பந்தல் இல்லை, மீன் இல்லை. வேறு அதிகாரி, அதிகம் பேசாதவர். டேப் பிடித்து அளந்தார்கள், நாலாபக்கமும் படம் எடுத்தார்கள். உடைந்த தரையின் விளிம்பில் நின்று அவர் கேட்டார்: "ஏம்மா, இதையெல்லாம் ஒதுக்காமலே வச்சிருக்கீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறத்தியாள் முன்னால் குப்பையான வீட்டோடு நிற்கிற கூச்சத்தில் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தாள். "நான்தான் சார் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

ஜீப் போகிற சத்தம் அடங்குகிற வரைக்கும் அவள் அசையவில்லை. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து விளக்குமாற்றை எடுத்தாள்.

"இனிமே கூட்டிக்கிடலாமாக்கா?"

தலையை ஆட்டினேன். அவள் குனிந்து, கதவு நிலையிலிருந்து ஆரம்பித்து, தரை முடிகிற இடம் வரைக்கும் கூட்டினாள். அதற்கு அங்கிட்டுக் கடல்தான். நான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையை எடுத்துவந்து செங்கலை அள்ள ஆரம்பித்தேன்.