அப்பா குல்லா போடாத நாள்

குளிர்காலத்தில் கோல்ஃப் பந்து தூரம் போகாது. கோல்ஃப் ஆடுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஆனால் அப்பா அதைத் தானே கண்டுபிடித்ததுபோலத்தான் பேசுவார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நாங்கள் அமெரிக்காவில் பிளானோவுக்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பள்ளித் தோழி ஒருத்தியோடு வேடிக்கையாகப் போய் ஆடக் கற்றுக்கொண்டவள், ஒரு கோடை முடிவதற்குள் போட்டிகளில் ஆடுமளவுக்கு வந்துவிட்டேன். ஏழாம் நம்பர் மட்டையால் அடித்தால் பந்து நூற்றிருபது கஜம் போய் விழும். அந்த நூற்றிருபது கஜம் எனக்குப் பிறவியிலேயே எழுதித் தரப்பட்டது என்று ஒரு கர்வம்.

நவம்பரில் முதல் குளிர் வந்ததும் கர்வம் இறங்கிவிட்டது. அதே மட்டை, அதே அடி. பந்து மட்டும் குழியில் நட்ட கொடியை எட்டாமல் ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே விழுந்தது. பாதி மணலில், பாதி தண்ணீரில். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். அப்பா சமாதானம் சொல்லவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டார். அழுகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவர் கோவில்பட்டிக்காரர். வெயில் கொஞ்சம் இறங்கினாலே போர்வையைத் தேடுகிற ஆள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழுப்பு நிறக் குரங்குக் குல்லாவை அக்டோபரிலேயே மாட்டிக்கொள்வார், மார்ச்சில்தான் கழற்றுவார். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. ஆளரவமே இல்லாத தெருமுனையில்கூட ஸ்டாப் பலகையைக் கண்டால் வண்டியை நிறுத்தி, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் நகர்த்துவார். கோல்ஃப் மட்டையை ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். வீசிய வீச்சில் புல் பெயர்ந்தது, பந்து அசையவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்கப்புறம் அவர் மட்டையைத் தொடவில்லை.

ஆனால் மறுவாரமே நோட்டும் பேனாவுமாக வந்து நின்றுவிட்டார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் தினமும் பயிற்சி மைதானம். நான் அடிக்க அடிக்க, எத்தனை டிகிரியில் எந்த மட்டை எவ்வளவு தூரம் போகிறது என்று எழுதிக்கொண்டார். பந்து சில்லிட்டால் கல்லாகிவிடும் என்று வழியெல்லாம் என் பந்துகளைத் தன் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வருவார். மூன்று வாரத்தில் ஓர் அட்டவணை தயாரானது. இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு, நாற்பது டிகிரி என்பது வெயில் இல்லை, விரல் விறைக்கிற குளிர். அந்தக் குளிரில் எல்லாவற்றுக்கும் ஒரு மட்டை கூட்டி எடுக்க வேண்டும். கோல்ஃபில் நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும். அதனால் ஒன்று கூட்டுவது என்றால் ஏழுக்குப் பதில் ஆறு. அம்மா அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூட்டணும்னு சொல்லிட்டுக் குறைக்கிறீங்க, உங்க கணக்கு உங்களுக்கே வெளிச்சம் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அட்டவணையில் ஒரு குறை இருந்தது. காற்று அதில் இல்லை. காற்று கொடிப் பக்கம் ஒரு மாதிரியும், நான் நிற்கிற இடத்தில் வேறு மாதிரியும் அடிக்கும். போட்டிகளில் பெற்றோர்கள் ஓரத்துப் பாதையில் முன்னாலேயே நடந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் பிள்ளைக்கு அபராதம். அப்பா விதிப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தவர். ஒருநாள் காரில் மெதுவாகச் சொன்னார்.

“வாயைத் திறந்து சொன்னாத்தான் அட்வைஸ். குளிருதுன்னு நான் குல்லா போட்டுக்கிட்டா யார் என்ன சொல்ல முடியும்?”

அப்படித்தான் எங்கள் சைகை பிறந்தது. குல்லா போட்டிருந்தால் ஒரு மட்டை கூட்டு. குல்லாவுக்கு மேல் மஃப்ளரும் சுற்றியிருந்தால் இரண்டு. வெறும் தலையென்றால் கோடைக்கால மட்டையே போதும். வாழ்க்கையில் ஸ்டாப் பலகையைத் தாண்டாத மனிதர் எனக்காக இதைச் செய்தார். அவருக்கு உள்ளூர உறுத்தியதா என்று நான் யோசிக்கவில்லை. டிசம்பர் போட்டியில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் பழுப்புக் குல்லா ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூன்றாவதாக வந்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மையார் எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்து, குளிரில் மட்டை தேர்ந்தெடுப்பதை இவளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னை எழுப்பி நிறுத்தினார். அப்பாவின் அட்டவணையை ஒப்பித்தேன். கை தட்டினார்கள். காற்றை மட்டும் எப்படிக் கணிக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். தானாகவே தெரியும் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது காது சுட்டது. அந்தக் கைதட்டல் என்னுடையது இல்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு வந்தது வெட்கம் அல்ல, அப்பாவின் மேல் கோபம்.

ஜனவரிப் போட்டியில்தான் வசந்தகால அணிக்கு நான்கு பேரை எடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருத்தியாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. போட்டியன்று காரில் போகும்போது, இன்றைக்கு சைகை வேண்டாம், நானே ஆடிக்கொள்கிறேன் என்றேன். அவர் பாதையைப் பார்த்தபடியே, சரிம்மா என்றார். ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அன்றைக்கு வடக்கிலிருந்து காற்று. மூச்சு விட்டால் புகை. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கம்பளியும் தொப்பியுமாக, கண் மட்டும் தெரிய நின்றார்கள். அப்பா வெறும் தலையோடு நின்றார். என்னோடு ஆடிய பெண்ணின் அம்மா தன் பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து அவரிடம் நீட்டுவதையும், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுப்பதையும் பார்த்தேன். வழக்கமான கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். யார் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதானே நம் பழக்கம்.

பதினோரு குழி வரை அட்டவணையை மட்டும் நம்பி நன்றாகவே ஆடினேன். பன்னிரண்டில் வழியை மறித்து ஒரு குளம். கொடி நூற்றுப்பதினெட்டு கஜத்தில். அட்டவணைப்படி ஆறாம் நம்பர். ஆனால் அதற்குள் மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. மரங்கள் ஒரு பக்கம் சாய, கொடி வேறு பக்கம் ஆடியது. ஆறா, ஏழா என்று கை தடுமாறியது. என்னையறியாமல் அப்பாவைப் பார்த்தேன். வெறும் தலை. வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தாலும், அப்பாவால் சும்மா இருக்க முடியாது, எனக்காகக் காட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. காலையில் அவ்வளவு ரோஷமாகப் பேசியவளுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஏழாம் நம்பரை எடுத்தேன். பந்து குளத்தில் விழுந்தது.

பதினான்கிலும் பார்த்தேன். வெறும் தலை. இரண்டாவது தடவையும் அவர் தப்பாகச் சொல்லமாட்டார் என்று மறுபடி கோடைக்கால மட்டை. மணலில் விழுந்தது. பதினாறிலும் அதே கதை. ஆட்டம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது ஐந்தாவது இடத்தில் இருந்தேன். நாலாவதாக வந்தவளுக்கும் எனக்கும் இரண்டு அடிதான் வித்தியாசம்.

 கார் கதவருகே வந்ததும் வெடித்தேன்.

“ஏம்ப்பா குல்லா போடல? நாள் முழுக்கத் தப்பாவே காட்டினீங்க.”

“நான் ஒண்ணும் காட்டலம்மா. நீதானே சைகை வேண்டாம்னுட்ட. குல்லாவைப் போட்டா சைகையாயிரும்ல?”

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். என் காதில் அது சாக்காக விழுந்தது. ஆங்கிலத்தில் பேசினால் அம்மா திட்டுவாள். அதனாலேயே கோபத்துக்கு எனக்கு ஆங்கிலம்தான் வரும்.

“யூ கான்ட் ஈவன் ஹிட் அ பால். டோன்ட் கம் எனிமோர்.”

அப்பா காரின் பின்கதவைத் திறந்து என் மட்டைப் பையை உள்ளே வைத்தார். சரிம்மா என்றார். காலையில் சொன்ன அதே சரிம்மா.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தார். குல்லாவைப் பையில் வைத்துக்கொண்டு தலையைத் திறந்து போட்டு நின்றால் காது வலிக்காமல் என்ன செய்யும் என்று அம்மா கத்தினாள். நான் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கவில்லை. முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நானும் முறுக்கிக்கொண்டேன். போர்வை இல்லாமல் வாசலுக்குப் போகாத ஒரு மனிதர், மகளுக்குக் கொடுத்த வார்த்தை மீறிப்போகுமே என்று ஐந்து மணி நேரம் அந்தக் காற்றில் வெறும் தலையோடு நின்றிருக்கிறார். காரிலேயே இருந்திருக்கலாம். ஆனால் என் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. இது எனக்கு உறைக்க எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் வயது வந்தபோது, இத்தனை நாள் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்ற கூச்சமும் கூடவே வந்துவிட்டது.

மறுவருஷம் அணியில் இடம் கிடைத்தது. அப்பா இல்லாமலே ஜெயித்துக் காட்டிவிட்டேன் என்று குதித்தேன். அவர் ஒவ்வொரு போட்டிக்கும் என்னைக் கொண்டுவந்து விடுவார். மைதானத்துக்குள் காலடி வைக்கமாட்டார். காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஆடி முடித்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி இருக்கும். டிசம்பரானாலும் ஜனவரியானாலும் நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருக்கும். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாக ஏற்றுவார். ஒன்பதாவது குழியில் ஆறா, ஐந்தா என்று கேட்பார். ஐந்து என்பேன்.

“கரெக்ட். பத்தரைக்கு மேல காத்து திரும்பிடுச்சு” என்பார்.

நாள் முழுக்கக் காருக்குள் இருந்தவருக்குக் காற்று திரும்பியது எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்காராமல் வண்டியை இப்படிக் குளிர வைத்திருக்கிறாரே என்று, ஆட்டத்தில் பட்ட எரிச்சலையெல்லாம் சேர்த்து அவர்மேல் கொட்டுவேன். அவர் ஹீட்டரை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுப்பார்.