ஆரூரனின் பக்கம்

நாரந்தனையில் உள்ள எங்கள் சிறிய வாசிகசாலையைக் கூட்டித் துடைப்பவள் நான். பரிமளம் அக்கா அங்கே ஊர்க் குடும்பங்களைக் கணினியில் பதிகிறவர். ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு என்கிற நினைவு மலரில் போட வம்சாவளி கேட்டு வெளிநாட்டிலிருந்தும் அழைப்பார்கள். அந்தப் பதிவுக்கான மென்பொருளை எழுதியவன் அக்காவின் ஒரே மகன் ஆரூரன். முதல் முப்பது வீடுகளைப் பதிந்ததும் அவன்தான். மூன்று வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான்.

கணினிக்கு மேலே அவன் படம். அதன் முன் எரியும் சிவப்பு பல்ப் அணையக் கூடாதென்று அக்கா அதைக் கணினியின் யூ.பி.எஸ். பெட்டியில் செருகியிருந்தார். ஒருநாள் மின்வெட்டில் அந்தப் பல்பே பெட்டியின் பற்றரியை முடித்துவிட்டது. மறுநாள் காலை அக்கா அயல்வீட்டுக் கல்யாணமொன்றைப் பதிந்துகொண்டிருக்க, பற்றரி மறுபடி ஏறுமுன் மின்சாரம் போனது. கணினியும் கூடவே அணைந்தது.

அதன்பின் எந்தப் பெயரைத் தேடினாலும் தேடல் முடியவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் நிற்கவில்லை. ஊரில் இறந்துபோன வல்லிபுரத்தாரின் முப்பத்தோராம் நாளோ வருகிற ஞாயிறு.

பட்டணத்திலிருந்து ஆரூரனின் சிநேகிதன் பிரசாந்தன் வந்தான்.

"ஒவ்வொரு பக்கத்திலயும் அடுத்த பக்கம் எதெண்டு இருக்கும் அம்மா. ஒரு பக்கம் பழுதாகி, தன்னையே அடுத்ததெண்டு காட்டுது. அதுதான் ஓயாமல் சுத்துது."

"நிப்பாட்டினாலும் கேக்குதில்லையே தம்பி."

"சுத்தேக்க இடைக்கிடை, ஆரும் நிப்பாட்டச் சொன்னவையோ எண்டு பாக்கவேணும். ஆரூரன் அதை எழுதாமல் விட்டிட்டான்."

"அவன் ஆர் சொல்லி நிண்டவன்," என்றார் அக்கா.

பிரசாந்தன் அதை எழுதிச் சேர்த்தான். இப்போது சொன்னால் நின்றது. ஆனால் மற்ற வீடுகளை எடுப்பதென்றால் பழுதான பக்கத்தைக் கைவிட வேண்டும். வேறு பிரதி இல்லை.

"அதில ஆரின்ர வீடுகள் இருக்கு?"

"ஆரூரன் பதிஞ்ச முதல் பக்கம் அம்மா. உங்கட வீடும் அதிலதான்."

அவன் கண் பல்பின் வயரில் போய் நின்றதைக் கண்டேன். "கரண்ட் போனதால வந்தது," என்று மட்டும் சொன்னான். பல்பைப் பற்றி நானும் அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா மகனின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"விட்டிட்டுத் தாண்டு தம்பி. அந்தச் சனம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாத்துக்கொண்டு நிக்குது."

வல்லிபுரத்தாரின் வம்சாவளி அன்றே அச்சுக்குப் போனது.

மறுநாள் அக்கா தன் வீட்டைப் புதிதாகப் பதிய உட்கார்ந்தார். பழைய பக்கத்தில் ஆரூரன் தன்னைத் தானே பதிந்திருந்தான். ஊராரின் இறந்த திகதிகளை அன்றன்றே போடுகிற அக்கா, மகனுடைய கட்டத்தை மட்டும் மூன்று வருடமும் வெறுமையாக விட்டிருந்தார். இப்போது அவன் பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் தட்டினார். இறந்த திகதிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"பிள்ளை, தேத்தண்ணி ஒண்டு போடுறீரோ?"

நான் தேத்தண்ணியோடு வந்தபோது கட்டம் நிரம்பியிருந்தது. அக்கா அடுத்த வீட்டைப் பதியத் தொடங்கியிருந்தார்.