கஞ்சி இல்லாத கட்டுத்துணி தேடி ஜலகண்டாபுரத்துக்கு

யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகிறது. ஜலகண்டாபுரம் போவது எப்படி என்று இன்னும் சிலர் என்னைக் கேட்கிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

யுத்த காலத்தில் நான் கடற்படை மருத்துவமனைக் கப்பல் ஒன்றில் வார்டு உதவியாளன். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. புண் கழுவுவதும் கட்டு மாற்றுவதும்தான் நான் செய்த யுத்தம். மில் துணி கிடைக்காமல், சேலம் பக்கத்து ஜலகண்டாபுரத்துத் தறித்துணி எங்களுக்குக் கட்டுத்துணியாக வர ஆரம்பித்தது. பார்க்க அழகு, ஆனால் ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. கொதிகலன் அறையில் வெந்துபோன ஒரு மாலுமிக்குக் கட்டினால், புண்ணின் நீர் துணிக்கு அடியிலேயே தேங்கி நின்றது. அடுத்த மூட்டையும் இப்படி வந்தால் அந்த ஊர்த் துணியே வேண்டாம் என்றார் பெரிய டாக்டர். துணி வேண்டாமென்றால் யுத்தப் பங்கீட்டில் அந்த ஊர் நெசவுத் தெருவுக்கு வரும் நூலும் நின்றுவிடும். கப்பல் அப்போது துறைமுகத்தில் நின்றது. நான் பக்கத்து ஓமலூர்க்காரன் என்பதால் ஐந்து நாள் விடுப்புக் கொடுத்து என்னையே அனுப்பினார்.

சேலத்தில் காலை ஐந்தரைக்கு மேட்டூர் ரயில். ஓமலூருக்கு ஒன்பது மைல், மூன்றணா. அங்கிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி எரித்து ஓட்டும் கரிவாயு பஸ், பதின்மூன்று மைல், ஆறணா. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

"ஏனுங்க கப்பக்காரரே, உங்க கப்பலையும் இப்பிடித்தான் தள்ளுவீங்களா?" என்று என் கடற்படை உடுப்பைப் பார்த்து டிரைவர் வேறு கேலி செய்தார்.

எட்டு மாதம் கப்பலில் இருந்த உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே தை மாதப் பனி. பனிக்குள் சோளக்காடு அசைந்தபோது, கரைக்கு வந்துவிட்டேனா, இன்னும் மிதக்கிறேனா என்று நிஜமாகவே தெரியவில்லை.

எட்டரைக்கு இறங்கினேன். நெசவுத் தெருவில், தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான வெள்ளைப் பாவு தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. நல்லம்மா என்ற நெசவுக்கார அம்மாளும் அவர் கணவரும் இருபக்கமும் நடந்தபடி, கஞ்சியில் தோய்ந்த இழைகளைப் பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார்கள். அந்த வெண்மையை ஒட்டி நடந்தது தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. சற்று நேரம் வார்டையே மறந்துவிட்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கஞ்சி எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன்.

"சேலைக்குப் போடறதுல ரெண்டு பங்குங்க" என்றார் நல்லம்மா, பெருமையாக. "அடிபட்ட பசங்களுக்குப் போற துணி. தொவண்டு கெடந்தா நம்மூருக்குக் கேவலமில்லீங்களா?"

நெய்து மடித்திருந்த துணியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் உருண்டு ஓடித் தரையில் விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப அந்தப் பசங்களுக்கு வலிச்சிருக்குமுங்களா?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கஞ்சி இல்லீன்னா தறியில இழை அந்து போகுமுங்க" என்றார் கணவர். அதுவும் உண்மைதான்.

"நெய்ஞ்சதுக்கப்பறம் வேக வெச்சுட்டாப் போச்சு" என்ற நல்லம்மா, பளபளவென்று மடித்திருந்த இருபது கெஜத்தையும் எடுத்து, சோடா உப்பு போட்டுக் கொதித்த அண்டாவில் அமுக்கினார். மூன்று தண்ணீர் மாற்றி அலசினார். காய்ந்தபோது அது பழைய வேட்டிபோலத் துவண்டிருந்தது. மறுபடி ஒரு சொம்பு ஊற்றினேன். ஊற்றி முடிப்பதற்குள் குடித்துவிட்டது.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. அவர்கள் இருவரும் அந்தத் துணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் துணியின் ஓரத்தில் தன் அடையாளமாக ஒரு நிற இழை ஓட்டும். நல்லம்மா தன் வீட்டுச் சிவப்பு இழையை நகத்தால் நெம்பி உருவிப் போட்டார்.

"இத நாங்க நெய்ஞ்சதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க, சாமி."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் அந்த மாலுமிக்கு நான் கொண்டுவந்த துணியில் கட்டினேன். மத்தியானம் முழுக்க அசையாமல் தூங்கினார். விழித்ததும் எந்த ஊர்த் துணி என்று கேட்டார். தெரியாது என்றேன். பெரிய டாக்டர் மறுபேச்சில்லாமல், இப்படி வேகவைத்த துணியாகவே இன்னும் நாற்பது மூட்டை கேட்டு எழுதினார். தெருவுக்கு நூல் நிற்கவில்லை.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாவைச் சுருட்டிவிடுவார்கள். திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. சாப்பாடு கையில் இருக்கட்டும். சிவப்பு இழை ஓடும் சேலை கண்ணில் பட்டால், அது நல்லம்மா வீட்டுத் துணி, வாங்கலாம். கட்டுத்துணிக் கதையை நான் எழுதியதாக மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.