மும்புவா வாசலில் கட்டிய கிடா

யார் என்ன சொன்னாலும் சரி, வீரம்மாள் அந்தக் கிடாயைத் தெரிந்து கட்டவில்லை. தெரியாமல்தான் கட்டினாள். தெரிந்த பிறகு அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தேழாம் வருஷம். மஸ்கட்டில் ரூவிப் பக்கம், எஞ்சினியர் ரகுநாதன் வீட்டில் குழந்தை பார்க்க ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வந்தவள் வீரம்மாள். முப்பது தாண்டியும் தாலி ஏறாத கழுத்து. பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்தவள். ஏன் என்று அவளுக்கே அப்போது சொல்லத் தெரியாது. அண்ணன் கார்மேகம் அங்கேயே ஒரு கட்டட சைட்டில் வேலை பார்த்து, கேம்ப்பில் கிடந்தான்.

அவன் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற மும்புவாதான் முகம் சுளிக்காமல் அவன் பீ மூத்திரம் அள்ளினாள். கென்யாவில் கம்பா சனத்தில் பிறந்தவள். மழையோடு பிறந்ததால் அந்தப் பெயர். மொம்பாசாவிலிருந்து ஊர் திரும்பிய மஸ்கட்காரி உம்மு சல்மா குடும்பத்தோடு வந்து, அந்த வீட்டு முற்றத்து அறையில் தங்கியிருந்தாள்.

வீரம்மாள் கொண்டுவருகிற கஞ்சியில் பாதியை மும்புவாவே குடித்துவிடுவாள்.

"அது எங்க அண்ணனுக்குடி!"

"அவனுக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு. எனக்கு வயிறே காலி."

அரைகுறை இந்தியில் தொடங்கிய சிரிப்பு அது. அண்ணன் கால் கூடி அவன் டூட்டிக்குப் போன பிறகும், வீரம்மாள் அந்த முற்றத்துக்குப் போவது நிற்கவில்லை. மும்புவா மடியில் தலை வைத்தால்தான் அவளுக்குப் பொழுது முடியும். அதற்கு என்ன பேர் என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

அப்போதுதான் ரகுநாதனுக்கு சவுதியில் ஜுபைலுக்கு மாற்றல் வந்தது. வேலை போனால் விசாவும் போகும். கார்மேகம் டிக்கெட்டோடு நின்றான். "ஊருக்குக் கெளம்பு. ரெண்டு பிள்ளையோட ஒருத்தன் இருக்கான், பேசி முடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

போவதற்கு முன் ஒரு கடன் இருந்தது. அண்ணன் கால் கூடினால் கிடா வெட்டுகிறேன் என்று கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தாள். மத்ரா சந்தையில் ஒரு கிடாயைப் பிடித்து இழுத்து வந்தாள். ரகுநாதன் சம்சாரம் சுசீலா வாசலிலேயே மறித்தாள். "வீரம்மா, சைவக்காரா வீட்டு வாசல்ல ஆட்டைக் கொண்டு வந்து நிறுத்தறியே, நன்னாவா இருக்கு?"

வேறு போக்கிடம் ஏது? மும்புவா டூட்டிக்குப் போயிருந்தாள். வீரம்மாள் கிடாயை அவள் அறை வாசல் நிலையில் கட்டி, ஒரு கட்டுப் புல்லும் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் கிடாய் கழுத்தில் பாசிமணி. மும்புவா புதுத்துணி உடுத்தி, கண் கலங்கி, சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒன்னு போதும், தொடக்கத்துக்கு. மிச்சம் ரெண்டு பிறகு வரலாம்."

"எதுக்கு ரெண்டு?"

மும்புவா சொன்னாள். அவர்கள் சனத்தில் வாசலுக்கு ஆடு வந்தால் பெண் கேட்டு வந்தார்கள் என்று அர்த்தம்; மொத்தம் மூன்று ஆடு கணக்கு. கேட்பது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவள் அம்மாவையே ஒரு பெண்தான் ஆடு கொடுத்துக் கட்டிக்கொண்டாள். மும்புவா அவளை அப்பா முறையில் வைத்துத்தான் வளர்ந்தாள். பாட்டி காலத்துக்கும் முந்தின வழக்கம். "வாரிசுக்காகக் கட்டினவங்க உண்டு. ஆசைக்காகக் கட்டினவங்க உண்டா, யார் உள்ளே போய்ப் பார்த்தா? எனக்கு ஆசைதான்."

வீரம்மாள் கிடாய் கழுத்துப் பாசிமணியைத் தொட்டுப் பார்த்தாள். தெரியாமல் கட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கிடாய்க்குத் தண்ணீர் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கறிச்சோறு என்று வாய் ஊற அந்த முற்றத்துக்கு வந்த கார்மேகம் உயிரோடு நிற்கிற கிடாயைப் பார்த்து விழித்தான். "என்னாத்தா, இன்னும் வெட்டலையா?"

"வெட்ட மாட்டேன். இவளுக்குப் பரிசம் போட்ட ஆடு அது, இன்னும் ரெண்டு பாக்கி. நான் ஊருக்கு வரலை."

விஷயம் புரிந்ததும் குதித்தான். "பொம்பளைக்குப் பொம்பளையா? ஊரு காறித் துப்பும்டி!"

"எந்த ஊரு? ஆஸ்பத்திரியில ஒன்னை எட்டிப் பாத்துச்சா?" கிடா வெட்ட வைத்திருந்த அரிவாளை அவன் கையில் திணித்தாள். "ஒன் காலுக்கு நேர்ந்ததுதான். வெட்டணும்னா நீயே வெட்டு. அவ முகத்தைப் பாத்துக்கிட்டு வெட்டு."

கார்மேகம் மும்புவாவைப் பார்த்தான். நேராக நடக்கிற தன் காலைப் பார்த்தான். அதற்குள் கிடாய் அவன் கைலி நுனியைப் பிடித்து மெல்லத் தொடங்கியது. அரிவாள் கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு உம்மு சல்மா வெளியே வந்தாள். மொம்பாசாவில் பாதி வாழ்நாள் கழித்தவள். ஆட்டையும் பாசிமணியையும் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கு ஒரு சமையல்காரி வேணும். விசாவுக்குப் பொறுப்பு நிக்கிற கஃபீல் என் மகன். அவ எந்த அறையில படுக்கறாங்கிறது என் வேலை இல்லை. கலாஸ், பேச்சு முடிஞ்சது!"

கார்மேகம் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அதன் பிறகு தலையே காட்டவில்லை. வீரம்மாள் அழுதாள், அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள். கருப்பசாமியிடமும் வாதாடினாள்: "உனக்கு ரத்தம்தான் வேணுமா? நீ எனக்கு ஒரு வீடு தந்தேன்னு இருக்கட்டுமே!"

பேரீச்சம்பழம் பழுத்த மாசத்தில் ஒரு பிக்கப் வண்டி முற்றத்துக்குள் திரும்பியது. பின்னால் இரண்டு ஆடுகள். அவற்றின் நடுவே, வேர்த்து விறுவிறுத்து, கார்மேகம்.

"மாப்பிள்ளை வீட்டுச் சீரை நாங்கதான் தூக்கிச் சுமக்கணுமா? நல்ல வழக்கம்டி இது!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். "எங்கே எங்க மதினி? கையில வாங்கச் சொல்லு."

மும்புவா குலவையிட்டாள். ரூவித் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வீரம்மாளும் விடவில்லை, தன் ஊர்க் குலவையை அதற்கு மேலே ஏற்றிப் போட்டாள்.