பாலனின் விரல்கள்

என் அக்காவின் கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம். எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள் திருத்துவதிலும் கட்டுரை எழுதித் தள்ளுவதிலும் என் வேகத்துக்கு ஆளில்லை என்று பெயரெடுத்தவன். இப்போது புரட்டாசியில் களிமண் பிசைய உட்கார்ந்தால், கிறிஸ்துமஸுக்குள் ஒரே ஒரு பாலன் இயேசுவைச் செய்து முடிக்கிறேன். "கடையில ரெடியாவே விக்கிதே தாத்தா" என்கிறாள் பேத்தி. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். மார்கழி பிறந்ததும் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள். எங்கள் குடிலுக்கான பொம்மைகளைக் கண்மாய்க் களிமண்ணில் அக்காதான் செய்வாள். அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது.

கொஞ்ச காலமாகவே அக்கா எதையும் மெதுவாகத்தான் செய்தாள். வெங்காயம் அரிய அரை மணி நேரம் ஆகும். டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டு குடிப்பாள். "போற வீட்டுல இப்படி ஆமையா ஊந்தேன்னு வையி, மாமியாக்காரி மண்டையிலயே கொட்டுவா" என்பாள் அம்மா. நானும் அவளை ஆமை என்றே கூப்பிட்டேன். சிரித்துக்கொள்வாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தபோது மாதா, சூசையப்பர், இடையர்கள் எல்லோரும் ஆயத்தம். பாலன் மட்டும் பாக்கி. அதன் விரல்களை ஈர்க்குச்சியால் நாள்கணக்காகக் கீறிக்கொண்டிருந்தாள், மண்ணைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து.

"எப்பக்கா முடியும்? சித்தப்பா வீட்டுல நட்சத்திரமே கட்டியாச்சு."

"பாத்துப் பாத்துத்தானடா செய்ய முடியிது. இன்னும் ரெண்டு நாள் நெழல்ல காயணும்."

"ரெண்டு நாளா? அதுக்குள்ள பாலனுக்கு மீசையே மொளைச்சிரும்."

"அடப் பாவி, வாயப் பாரு" என்று ஈர்க்குச்சியால் என்னைத் தட்டினாள்.

நல்ல குடிலுக்குக் கோயிலில் பரிசு உண்டு. அது சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும் என்ற பயம் எனக்கு. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் பாலனை எடுத்து அடுப்புத் தணலில் வைத்தேன். சீக்கிரம் காயட்டும் என்றுதான். கொஞ்ச நேரத்தில் மண் வெடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா யோசிக்கவே இல்லை. தணலுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பாலனை அள்ளி எடுத்தாள். அதன் விரல்கள் உதிர்ந்திருந்தன. அவள் அலறவில்லை, கையை உதறவும் இல்லை. கொதிக்கும் மண்ணை உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுடலையா அக்கா?"

"இல்லடா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாகிட்டச் சொல்லிராத" என்றாள்.

பாலன் உடைந்ததைத்தான் சொல்கிறாள், என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னேன்.

"எங்க அக்கா நெருப்பையே கையில அள்ளும். சுடவே சுடாது."

"புழுகாதடா."

"கொப்புளம் இருக்கு, வந்து பாரு. வலிக்கவே இல்லையாம்."

பையன்கள் தங்கள் அம்மாக்களிடம் போய்ச் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாப்பிள்ளைக்கு அத்தை முறையுள்ள ஓர் அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாருக்கியா ஆத்தா? பொடவை எடுப்பா இருக்கே" என்று பேச்சுக் கொடுத்தாள். அவளுடைய மறுகையில் ஓர் ஊக்கு இருந்தது என் உயரத்துக்குத் தெரிந்தது. அதை அக்காவின் சுண்டுவிரல் ஓரத்தில் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"நல்லாருக்கேங்க. வீட்டுக்கு வாங்க" என்று அக்கா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பையன்களைத் திரும்பிப் பார்த்தேன். என்ன பெருமை எனக்கு!

அது தொழுநோய். விரல்களில் உணர்ச்சி போய் வெகுநாள் ஆகியிருந்தது. தொட்டு அறிய வேண்டியதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். மூன்றாம் நாளே மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே தெரிந்ததால்தான் மருந்து கிடைத்தது என்று பின்னாளில் ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்வதில்லை. நோய் குணமான பிறகும் ஊரில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தூரத்து ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாக இருந்து, அங்கேயே இறந்துபோனாள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சில் எழுந்துவந்தேன்.

அவள் ஊரைவிட்டுப் புறப்பட்ட காலையில் குடிலைப் பிரித்திருக்கவில்லை. வைத்தியத்துக்குப் போகிறாள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அக்கா குடில் முன்னால் உட்கார்ந்து, பாலனின் மொட்டைக் கை தெரியாமல் துணியைச் சுற்றினாள். அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். தூரத்தில் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்துப் பஸ்ஸை நிறுத்தினேன். கண்டக்டர் திட்டினார். பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு எனக்கு.

அக்கா ஒவ்வோர் அடியாகக் குனிந்து பார்த்து வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வா, ஆமை!" என்று கத்தினேன்.

"வாரேன்டா தம்பி" என்று சொல்லி, எனக்காக வேகமாக நடக்கப் பார்த்தாள்.