பதினேழாம் நம்பர் சீல் கடற்கரைக்குப் போனது

பொன்மலருக்கு யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். ஆம்பூர் பஜாரில் துணிக்கடைக்காரர் கட்டைப்பை ஒன்றை இனாமாக நீட்டினால்கூட, உள்பக்கத்தை வெளியே எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவாள். ஜெபராஜ் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனதும், மாப்பிள்ளை வேலை செய்வதாகச் சொன்ன பஸ் டிப்போவுக்குத் தம்பியை இரண்டு தடவை அனுப்பினாள். இரண்டு தடவையும் மனிதர் அங்கேதான் இருந்தார். அதன் பிறகுதான் தலையாட்டினாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகிவிட்டது. மனைவி தன்னை நம்பிவிட்டாள் என்று ஜெபராஜ் இன்னும் நம்பவில்லை.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு எந்த வேலை பொருந்துமோ அதே வேலைதான் அவளுக்கு வாய்த்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் கடைசிச் செக்கிங். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவைத் திருப்பி, மடித்து, கட்டை விரலால் ஸோலை நெம்பிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால், கயிறு கட்டும் இடத்துக்குக் கீழே இருக்கும் நாக்கின் உள்பக்கம் சீல் அடிக்க வேண்டும். ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர் உண்டு. பொன்மலருடையது பதினேழு. எந்த தேசத்திலிருந்து ஷூ திரும்பி வந்தாலும் நாக்கைப் புரட்டி நம்பரைப் பார்த்துவிட்டு நேராக அந்த ஆளிடம் வந்து நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் பதினேழைத் தேடி வந்தவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு செக்கர் நிறுத்தி வைத்த சரக்கை அவருடைய சீல்தான் விடுவிக்க முடியும். லீவில் போகிறவர் சீலைத் தகர டப்பாவில் போட்டு, மூடியை டேப் ஒட்டி, அடுத்த செக்கரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஜெர்மனிக்குப் போக வேண்டிய தொள்ளாயிரம் ஜோடி கறுப்பு ஷூக்களைப் பொன்மலர் நிறுத்தி வைத்தாள். கட்டை விரல் பட்டதும் ஸோல் வாயைப் பிளந்தது. மேனேஜர் நவநீதன் வந்து பார்த்தார்.

"கொஞ்சம் பாத்து விடுங்கம்மா, டைம் கம்மியா இருக்கு" என்றார்.

"பாத்துட்டுத்தான் சார் நிறுத்தியிருக்கேன்" என்றாள் பொன்மலர்.

செவ்வாய்க்கிழமையே அறிவிப்பு வந்தது. கம்பெனியில் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குப் பரிசாக ஐந்து நாள் கப்பல் பயணம். வெள்ளிக்கிழமை சென்னையில் ஏறி, திருகோணமலைக்குப் போய்த் திரும்புவது. செக்கிங்கிலிருந்து பொன்மலர், பேக்கிங்கிலிருந்து பாக்யலட்சுமி. பாஸ்போர்ட் இருப்பவர்களாகப் பார்த்து எடுத்தோம் என்றார்கள். பொன்மலரிடம் பாஸ்போர்ட் இருந்தது உண்மைதான். சபையோடு எருசலேம் போவதற்காக எடுத்து, கடைசி வாரத்தில் டூர் ஏஜெண்ட்டின் முகம் சரியில்லை என்று போகாமல் நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை சரக்கை நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை கப்பலில் ஏற்றுகிறார்கள். இது புரியாமல் போக நான் என்ன பச்சைக் குழந்தையா என்று அவள் ஜெபராஜிடம் கேட்டாள். ஆளை அனுப்பிவிட்டு, டப்பாவைத் திறந்து, பதினேழை எடுத்துத் தொள்ளாயிரத்துக்கும் குத்தி அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஸோல் பிய்ந்து திரும்பி வரும்போது பெயர் கெடப்போவது யாருக்கு? அவள் இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் தகர டப்பாவை டேப் ஒட்டி, ஜூனியர் செக்கர் ஹரிணியிடம் கொடுத்தாள். ஹரிணி மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. டப்பாவை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

டப்பாவில் ஒன்றும் இல்லை. சீல் பொன்மலரின் கைப்பையில், பைபிள் உறைக்குள் இருந்தது.

கப்பலில் அவளுக்கும் பாக்யலட்சுமிக்கும் ஒரே அறை கொடுத்திருந்தார்கள். அதிலும் பொன்மலருக்கு ஓர் உள்நோக்கம் தெரிந்தது. செக்கிங்கில் சரக்கு நின்றால் பேக்கிங்கில் பெட்டி காலியாகக் கிடக்கும். அந்த மனத்தாங்கலில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகவே முகம் கொடுத்துப் பேச்சில்லை. தன்னைக் கண்காணிக்கத்தான் இவளைக் கூட அனுப்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டாள். கணக்குக்கு ஏற்றாற்போல, பொன்மலர் குளிக்கப் போகும்போதெல்லாம் பாக்யா போனை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்விடுவாள். மேனேஜருக்குத் தகவல் சொல்லத்தான் போகிறாள், வேறென்ன? பொன்மலர் கைப்பையைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு குளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் திருகோணமலையில் நின்றது. எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். ஆம்பூர் வெயிலைத் தின்று வளர்ந்தவள்தான் பொன்மலர். ஆனால் அங்கே தலைக்கு மேல் மட்டும்தான் வெயில், இங்கே காலுக்குக் கீழேயும் இருந்தது. பத்தே நிமிஷத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிழல் தேட ஆரம்பித்தாள்.

முதலில் கப்பல்காரர்கள் நட்டிருந்த நீலக் குடைகள். ஒரு குடையின் கம்பிகளை அண்ணாந்து பார்த்தாள், துணியின் ஓரத் தையல் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. போகட்டும் என்று உட்காரப் போனபோது, சீருடை போட்ட ஆள் சிரித்தபடி வந்து, பையை அந்த மூலையிலிருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு வரும்படி சைகை காட்டினார். பொன்மலர் உட்காராமலே நிமிர்ந்தாள். அடுத்து ஒரு தென்னை மரம். அதன் கீழே நின்று மேலே பார்த்தாள். பதினான்கு காய்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கிருந்தும் நகர்ந்தாள்.

சற்றுத் தள்ளி, இளநீர் விற்கும் பெண்ணொருத்தி தார்ப்பாய் கட்டி நிழல் போட்டிருந்தாள். "வாங்கோ அக்கா, இதுல இருங்கோ. வெயில் சரியா சுடுது" என்று ஸ்டூலைத் தள்ளினாள்.

"எவ்ளோ?" என்று கேட்டாள் பொன்மலர்.

"இருக்கிறதுக்குக் காசோ? சும்மா இருங்கோ."

அந்த ஒரு வார்த்தை போதாதா? பொன்மலர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அந்தப் பெண் இளநீரை வெட்டுவதை நிறுத்திவிட்டு, பாவம், இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மிஞ்சியது கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு மீன்பிடிப் படகின் நிழல். அங்கே பாக்யலட்சுமி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லை. பொன்மலர் படகின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். உச்சி வேளை நெருங்க நெருங்க நிழல் சுருங்கியது. பாக்யா இந்தப் பக்கம் நகர்ந்தாள், பொன்மலர் அந்தப் பக்கம் நகர்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு நிழல் ஒரு பாய் அகலத்துக்கு வந்துவிட்டது. ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று.

"அக்கா, பையை இங்க வெச்சுட்டுப் போய் கால நனைச்சுட்டு வாங்களேன். நான் பாத்துக்கறேன்" என்றாள் பாக்யா.

"வேணாம்" என்றாள் பொன்மலர். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் கூட வந்தாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போது பாக்யாவின் போன் வரிசையாகக் கத்தியது. இரண்டு நாளாகக் கடலில் சிக்னல் இல்லாமல் தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. பேக்கிங்கில் வேலை செய்யும் அஃப்ரோஸ் நேற்று ராத்திரி அனுப்பிய குரல் பதிவு ஒன்றைப் பாக்யா திறந்தாள்.

"பாக்யாக்கா, இங்க ஒரே பேஜாரா போச்சு. பொன்மலர் அக்கா நிறுத்தி வெச்ச லாட் இருக்குல்ல, அத்த நீங்க கெளம்பினதும் நவநீதன் சார் முழுசா ஸோலைப் பிரிச்சு வேற பசை போட்டு ஒட்டச் சொல்லிட்டாரு. இன்னிக்கு சரக்கு வாங்கற பையர் ஆளே வந்து இழுத்து இழுத்துப் பாத்துட்டு, இப்ப நல்லா இருக்குன்னுட்டாரு. சீல் அடிக்கலாம்னு டப்பாவைத் தெறந்தா உள்ள ஒண்ணுமில்ல. ரிஜிஸ்டர்ல வாங்கினேன்னு ஹரிணி கையெழுத்து இருக்குது. கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் ஷூவுல குத்தறதுக்கு வெளிய வித்துட்டியான்னு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு கேட்டாங்கக்கா. அந்தப் பொண்ணு வாயே தெறக்கல. நாளைலர்ந்து வர வேணாம்னுட்டாங்க. கம்பெனி பஸ்லகூட ஏத்தல, ரோட்டுல நடந்து போச்சு."

பொன்மலருக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இதுவும் ஒரு நாடகமோ என்று தோன்றியது. சீலை வெளியே எடுக்க வைப்பதற்காக இப்படிப் பேசி அனுப்பச் சொல்லியிருப்பார்களோ என்று பாக்யாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு எடுத்திருக்காதுக்கா" என்றாள் பாக்யா. "மாதனூர்ல விசாரிச்சுப் பாருங்க, அதோட சம்பளத்துலதான் அந்த வீடு ஓடுது. நீங்க சாருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

டப்பாவைத் திறக்கிறவன் திருடன் என்று பொன்மலர் பொறி வைத்திருந்தாள். ரிஜிஸ்டரில் ஹரிணியின் கையெழுத்து இருக்கிறதே, முதலில் அவள் கழுத்துதானே மாட்டும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தையல் விட்ட குடைத்துணி கண்ணில் பட்டவளுக்கு இது படாமல் போய்விட்டது. கையில் சுற்றியிருந்த வாரை அவிழ்த்தாள். பைபிள் உறைக்குள்ளிருந்து சீலை எடுத்துப் பாக்யாவின் எதிரில் மணலில் வைத்தாள்.

பாக்யா அதைக் குனிந்து பார்த்தாள். "இதத்தான் கட்டிப் புடிச்சுனு இருந்தீங்களா? நான் நகையின்னு நெனச்சேன். ஏதாச்சும் காணோம்னா என்னத்தான கேப்பீங்கன்னு பயந்துட்டு, நீங்க குளிக்கப் போனாலே நான் ரூமை விட்டு வெளிய போய் நின்னுக்குவேன். இங்கயாச்சும் கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வருவீங்களேன்னுதான் பையைப் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

பொன்மலரால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "போனைக் குடு பாக்யா" என்று மட்டும் சொன்னாள். நவநீதனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "சார், பொன்மலர் பேசறேன். சீல் எங்கிட்டத்தான் இருக்குது. காலி டப்பாவைத்தான் அந்தப் பொண்ணு கையில குடுத்தேன். நான் இல்லாதப்ப நீங்க குத்தி அனுப்பிடுவீங்கன்னு சந்தேகப்பட்டு எடுத்துட்டு வந்தேன். தப்பு என்னோடது. அவளைத் திரும்பக் கூப்பிடுங்க, எல்லார் முன்னாடியும் கூப்பிடுங்க. என்னை வந்ததும் நிக்க வெச்சுக் கேளுங்க."

கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஹரிணியை நாளைக்கே வரச் சொல்கிறேன், நீங்கள் புதன்கிழமை நேராக என் அறைக்கு வாருங்கள் என்று இரண்டே வரி. அதில் கோபம் இருந்ததா, இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவளுக்கு ஹரிணியிடம் பேச வேண்டும். பாக்யாவே நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, கப்பல் எல்லாம் நல்லா இருக்குதா?" என்றாள் ஹரிணி எடுத்த எடுப்பில். குரல் கம்மியிருந்தது.

"பாப்பா, சீல் எங்கிட்ட இருக்குது. சார்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நீ வேலைக்குப் போ. உள்ள ஒண்ணுமில்லன்னு தெரியாம கையெழுத்து போட்டுட்டியே, என்னால உனக்கு..."

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"டப்பாவைக் கையில வாங்கும்போதே தெரிஞ்சுது. கனமே இல்ல. நீங்க காரணம் இல்லாம எதுவும் செய்ய மாட்டீங்கன்னு போட்டேன்."

"அவ்ளோ பேர் முன்னாடி கேட்டாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஊர்ல இல்லாதப்ப உங்களைப் பத்தி எப்டிக்கா சொல்றது? வந்து நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

படகின் நிழல் காலைத் தாண்டி உள்ளே போய்விட்டிருந்தது. இரண்டு பேருடைய பாதமும் வெயிலில் கிடந்தன, இருவரும் அதைக் கவனிக்கவில்லை. பொன்மலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனதில் இருப்பதை மூடி வைத்தே பழகியவளுக்கு இதை மட்டும் சொல்லாமல் போனை வைக்க முடியவில்லை.

"நான் உன்னை நம்பல பாப்பா. அதான் சீலை உன்கிட்ட குடுக்கல."



"அதுவும் தெரியும்க்கா" என்றாள் ஹரிணி.