நாற்பத்தேழாம் நம்பர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாறு நடத்திப் பிழைத்த என் இனமே, அந்தக் கொட்டாவிகளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்!

எண்பதுகளில் ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வரலாற்று வாத்தியார். பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போரை ஆரம்பித்தால், இரண்டாவது பத்தியிலேயே பாதி வகுப்பு சாய்ந்துவிடும். எரிச்சல் தாங்காமல், அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களையே கூட்டிவந்து பேச வைக்கலாமென்று கிளம்பினேன்.

முதலில் போய் நின்றது எதிர்த்தாற்போல் இருந்த இப்ராகிம் பாய் டீக்கடையில். சின்ன வயசில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் என்று ஊரே சொல்லும். ஆனால் மனுஷர் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டமாட்டார். எங்கள் டீயைக்கூட வெளியே நின்றுதான் பியூனிடம் கொடுப்பார். நான் கூப்பிட்டதும் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாலாப்பு முடிக்காதவன் பத்தாப்புல வந்து என்னத்தப் பேச? ஆள விடுங்க சார்."

சேத்தூர் மிலிட்டரிக்காரர்

அவருக்குப் பதிலாகச் சேத்தூரிலிருந்து ஒரு பழைய பட்டாளத்துக்காரரைப் பிடித்தேன். மெடலெல்லாம் குத்திக்கொண்டு, மீசையை முறுக்கிவிட்டு வந்தார். பையன்களுக்கு ஒரே கேள்விதான்: "எத்தன பேரச் சுட்டீங்க தாத்தா?" மனுஷர் செருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் செருமினார். கடைசியில், தான் இருந்தது சமையல் பிரிவில் என்று ஒப்புக்கொண்டார்.

கடைசி பெஞ்சு கெக்கெக்கே என்று சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்கேலைத் தூக்கிவிட்டேன். அவர் என் கையை அமர்த்திவிட்டு, அடைமழையில் ஈர விறகை ஊதி ஊதி நூறு பேருக்கு மேல் இருந்த ஒரு முழுப் பட்டாளக் கம்பெனிக்கும் ரொட்டி போட்ட கதையைச் சொன்னார். சிரித்தவனைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "ஏலே, பட்டினியாக் கெடந்தா எவன்லே துப்பாக்கியத் தூக்குவான்?"

கரி பஸ்

அடுத்து வந்தவர் சுந்தரபாண்டியத்து ரிட்டயர்டு கண்டக்டர். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால், பஸ்ஸின் பின்னால் டிரம் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து ஓட்டுவார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்துசேர எம்புட்டு நேரம் ஆகும் என்று கேட்டால், "அது அடுப்புக்குத்தான் தெரியும்" என்றார். லேசாக மேடு வந்தாலும் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையே பட்டுவேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தள்ளினாராம்.

வகுப்பு லீடர் பாண்டியம்மாள் எழுந்து, "தள்ளிக்கிட்டே போறதுக்கு எதுக்குத் தாத்தா டிக்கெட்டு?" என்றாள். வாய்த்துடுக்குக்காரி. கண்டக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "தள்ளி முடிச்சுட்டுத் திரும்ப ஏறணும்ல தாயி, அதுக்குத்தான் டிக்கெட்டு!"

பாதியில் நின்ற ஆஜர்

அன்று சாயங்காலம் பாண்டியம்மாள் நேரே டீக்கடைக்குப் போய்விட்டாள். "நீங்க பாடம் எடுக்கவே வேண்டாம் பாய். சும்மா வந்து எங்ககூட பெஞ்சுல உக்காருங்க." நான் கூப்பிட்டு அசையாத ஆள், அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வந்துவிட்டார். கேட்டருகே மட்டும் செத்த நேரம் தயங்கினார். நாற்காலி வேண்டாமென்று மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். ஐம்பது தாண்டிய ஆளுக்கு முழங்கால் இடித்தது.

உட்கார்ந்தபடியே தன் கதையைச் சொன்னார். பர்மாவில், ரங்கூனில் நாலாம் வகுப்பு. காலையில் வாத்தியார் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குண்டு விழுந்திருக்கிறது. அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அத்தா, அம்மாவோடு காடும் மலையுமாக நடந்து வந்ததில், அம்மா காய்ச்சலில் வழியிலேயே போய்விட்டார்கள். இங்கே வந்ததும் அத்தாவோடு டீ ஆற்ற நின்றவர்தான். "எனக்கு முந்துன பேரு வரைக்கும் கூப்பிட்டாரு சார். அடுத்தது நான். எந்திரிக்கத் தயாரா இருந்தேன்" என்றார். கொட்டாவி விட ஒருத்தன் இல்லை.

பாண்டியம்மாள் மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்து என் கையில் திணித்தாள். "கூப்பிடுங்க சார்." வகுப்பில் நாற்பத்தாறு பேர். அடியில் நாற்பத்தேழு என்று போட்டு, பெயரை எழுதி, சத்தமாகக் கூப்பிட்டேன்: "இப்ராகிம்!" அவர் விறைப்பாக எழுந்து நின்றார். எங்கள் பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' என்பார்கள். அவர் அந்தக் காலத்து வழக்கப்படி, "ஆஜர், சார்!" என்றார்.

திங்கட்கிழமை டீ கேட்டைத் தாண்டி ஆசிரியர் அறைக்கே வந்தது, பாய் கையாலேயே. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததற்கு அவர் சொன்னார்: "ஆஜர்தான் போட்டாச்சுல்ல, பொறவு எதுக்கு சார் வெளிய நிக்கணும்?"

"யார் இந்த நாற்பத்தேழு, ஒரே நாள் வந்துட்டு நின்னுட்டான்?" என்று தலைமையாசிரியர் மாசக் கடைசியில் என்னைக் காய்ச்சியெடுத்தார் என்றாலும், இத்தனை வருஷ சர்வீசில் நான் பதிவேட்டில் எழுதிய ஒரே பொய்யும், வகுப்பில் நடத்திய ஒரே உருப்படியான வரலாறும் அந்த ஒரு வரிதான்.